ரீஃப் தொட்டிக்கு எந்த மணல், எவ்வளவு ஆழம்?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் முதல் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி) அமைக்கப் போகிறேன். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு மஞ்சள் ராஸ், கொஞ்சம் சாஃப்ட் கோரல் (மென்பவளம்). கை பழகியபின் அக்ரோபோரா என்ற கடினப் பவளமும் வைக்க ஆசை. கொளத்தூரில் ஒரு கடையில் க்ரஷ்டு கோரல் (உடைத்த பவளத் துண்டு)தான் நல்லது, நீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, இறங்காமல் பிடித்து வைக்கும் என்றார்கள். நண்பர் கோவளம் கடற்கரை மணலை அள்ளி வந்து கொதிக்க வைத்துப் போடச் சொல்கிறார். யூடியூபிலோ மணலே வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவர் சொல்வதும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பட்டியலில் மஞ்சள் ராஸ் இருக்கிறது. இரவானால் மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன் அது. பகலில் மிரண்டாலும் மணலுக்குள்தான் பாயும். ஆகவே வெறும் கண்ணாடித் தரை உங்களுக்கு ஆகாது. கூர்மையான பெரிய துண்டுகளில் புதைந்தால் உடம்பு சிராய்க்கும் என்பதால் க்ரஷ்டு கோரலும் ஆகாது. 0.5 முதல் 2 மி.மீ. வரை மணி அளவுள்ள அரகோனைட் மணலை வாங்கி, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். (ராஸ் துள்ளி வெளியே விழும் மீன். மேலே வலை மூடி கட்டாயம்.)

கடைக்காரர் சொன்ன பிஎச் கதை பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். பவளத்தின் எலும்புக்கூடும் அதுவேதான். அமிலத்தில் அது கரையும், உண்மை. ஆனால் நல்ல ரீஃப் தொட்டியின் பிஎச் 8 முதல் 8.3 வரை இருக்கும். அந்த நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே மிதமிஞ்சிக் கரைந்திருப்பதால் மணல் பேசாமல் கிடக்கும். கால்சியம் ரியாக்டர் (பவளத் துண்டைக் கரைத்துத் தொட்டிக்குக் கால்சியம் தரும் கருவி) வைத்திருப்பவர்கள் இதே பொருளைக் கரைக்க, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி பிஎச்சை 6.5 பக்கம் இறக்குகிறார்கள் என்பதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். மணலின் அடியில் பாக்டீரியா வேலையால் ஓரளவு கரையலாம். அதை நம்பி அக்ரோபோரா வளர்க்க முடியாது. ஆல்கலினிட்டியை (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன்; அலகு டிகேஎச்) 8 - 9 டிகேஎச் அளவிலும், கால்சியத்தை 400 - 450 பிபிஎம் அளவிலும் நீங்கள்தான் பரிசோதித்து, தண்ணீர் மாற்றியோ அதற்கான கரைசல் ஊற்றியோ நிறுத்த வேண்டும்.

க்ரஷ்டு கோரலைக் கடைகளில் இன்னும் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மணலுக்கு அடியில் தட்டு வைத்து நீரை உறிஞ்சும் அண்டர்கிராவல் ஃபில்டர் காலத்தில், நீர் தடையில்லாமல் இறங்க 3 - 5 மி.மீ. துண்டுகள் தேவைப்பட்டன. அந்த ஃபில்டர் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. இன்று அந்த இடுக்குகளில் மிச்ச உணவும் மீன் கழிவும் இறங்கித் தங்கும். மேலே பார்க்கச் சுத்தமாகத் தெரியும், நைட்ரேட் மட்டும் இறங்கவே இறங்காது. வாராவாரம் அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாயை உள்ளே செருகிச் சுத்தம் செய்யத் தயாரென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாசேரியஸ் நத்தை மாதிரி மணலைக் கிளறிவிடும் பிராணிகளுக்கும் அது வசதிப்படாது.

அடுத்து கோவளம் மணல். சென்னைக் கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அலை இறங்கிய பிறகு கறுப்புக் கறுப்பாகக் கோடு தெரிகிறதே, அது இல்மனைட், மேக்னடைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்கள். ஒரு காந்தத்தை மணலில் இழுத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அதைத் தொட்டியில் போட மனம் வராது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். இரும்பும் எண்ணெய்ப் பிசுக்கும் எங்கேயும் போகாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் அள்ளத் தடை உண்டு. அதைவிடக் கடுமையான விஷயம் பவளத் துண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளங்கள் 2001-லேயே முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளத் துண்டு, பவள மணல் என்று யாராவது குறைந்த விலைக்கு நீட்டினால், செத்த துண்டுதானே என்று வாங்கிவிடாதீர்கள். இறக்குமதியான பாக்கெட் மணலை பில்லோடு வாங்குவதே உத்தமம்.

சிலிக்கா மணல் பாசியைக் கொண்டுவரும் என்று பயமுறுத்துவார்கள். குவார்ட்ஸ் நீரில் கரைவது மிகமிகக் குறைவு. புதுத் தொட்டியில் படியும் டயட்டம் என்ற பழுப்பு நுண்பாசிக்குக் குழாய்த் தண்ணீரில் வரும் சிலிக்கேட்தான் பெரும்பாலும் காரணம். குவார்ட்ஸில் எனக்குப் பிடிக்காதது வேறு. அதன் கடினம், தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7. கண்ணாடி சுமார் 5.5, அரகோனைட் 3.5 முதல் 4. கண்ணாடியைத் துடைக்கும் காந்தத் துடைப்பானுக்குள் ஒரு குவார்ட்ஸ் மணி சிக்கினால் போதும், முன்பக்கக் கண்ணாடியில் நிரந்தரக் கோடு விழும். அரகோனைட் மணி சிக்கினால் கண்ணாடிக்கு ஆபத்து குறைவு. அக்ரிலிக் தொட்டி என்றால் எந்த மணலும் கீறும்.

லூசாக, மூட்டையிலிருந்து அளந்து தருகிற மணலை வாங்க நேர்ந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கால் ஸ்பூன் மணலை ஒரு டம்ளர் சமையல் வினிகரில் போடுங்கள். உடனே நுரைத்தால் கார்பனேட் இருக்கிறது. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலும் நுரைக்கத்தான் செய்யும். ஓரிரு நாள் அப்படியே விட்டு, நுரை நின்றதும் வினிகரை ஒருமுறை மாற்றி, கடைசியில் அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். நல்ல அரகோனைட் கிட்டத்தட்ட முழுக்கக் கரைந்துவிடும். மிஞ்சுகிற பளபளப்பான மணிகள் குவார்ட்ஸ். மார்பிள் பொடியும் இதே மாதிரி கரையும் என்பதால் அதைக் கண்ணால்தான் பிரிக்க வேண்டும்: உடைத்த மார்பிளுக்கு முனை கூராக இருக்கும், கடலில் உருண்ட மணலுக்கு இருக்காது.

மணி அளவில் இன்னொரு பக்கமும் உண்டு. ரவையைவிட நைசான, உருண்டை மணிகள் கொண்ட ஊலைட் வகை மணல் பார்க்க அழகு, ராஸுக்கும் சொகுசு. ஆனால் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஓடினால் பறக்கும். பவளத்தின் மேல் படிந்தால் அந்த இடம் வெளுத்துச் சாகும். அக்ரோபோரா எண்ணம் இருக்கிற உங்களுக்கு நீரோட்டம் பலமாக வேண்டியிருக்கும், அதனால்தான் நடுத்தர அளவைச் சொல்கிறேன். கரிப்சீ நிறுவனத்தின் ஸ்பெஷல் கிரேடு மாதிரியான 1 - 2 மி.மீ. வகை கிடைத்தால் அதையே முக்கால் பங்கு எடுத்து, மிச்சத்தை ஒரு படி நைசாக வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

ஆழம் விஷயத்தில் பேராசை வேண்டாம். 10 செ.மீ.க்கு மேல் மணல் போட்டு, அடியில் ஆக்ஸிஜன் இல்லாத அடுக்கில் பாக்டீரியாவைக் கொண்டு நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் முறை உண்மையில் வேலை செய்யும். மொனாக்கோவில் ஜான் ஜோபேர் என்ற விஞ்ஞானி மணலுக்கு அடியில் நீர் மட்டும் நிற்கும் இடைவெளி விட்டு இதையே ஒரு அமைப்பாக வளர்த்தெடுத்தார். ஆனால் அதில் கை வைக்கவே கூடாது. கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும், மீன்கள் சாகலாம். உங்கள் தொட்டி மொத்தமே 190 லிட்டர் அளவுதான். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மரும் லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கும் கல்) இருந்தால் அந்த வம்பு தேவையில்லை.

90 × 45 செ.மீ. தரையில் 5 செ.மீ. என்றால் சுமார் 20 லிட்டர் மணல், எடையில் ஏறக்குறைய 30 கிலோ. கல் உட்காரும் இடத்தைக் கழித்தால் 25 கிலோ போதும். உலர் மணலை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பால் மாதிரி வரும் கலங்கல் தெளியும்வரை கழுவுங்கள்; கடைசிக் கழுவல் ஆர்ஓ தண்ணீரில் இருக்கட்டும். லைவ் சாண்ட் என்று பாக்டீரியாவோடு ஈரமாக விற்பதைக் கழுவ வேண்டாம். அதற்கு இரட்டை விலை கொடுக்கவும் அவசியமில்லை. நோயில்லாத ஒரு தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மணல் வாங்கித் தூவினால் அதே பாக்டீரியா, கூடவே சின்னச் சின்னப் புழுக்களும் வந்துவிடும். ஆனால் யாராவது பழைய தொட்டியைக் கலைத்து மணல் முழுவதையும் இலவசமாகத் தந்தால் மறுத்துவிடுங்கள். வருடக்கணக்கில் உறிஞ்சிய பாஸ்பேட்டை அது உங்கள் நீரில் விடும்.

முதலில் கற்களைக் கண்ணாடித் தரையிலேயே அசையாமல் உட்கார வைத்து, அப்புறம் சுற்றி மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் கல் வைத்தால், அடியில் தோண்டும் மீன் ஒருநாள் மொத்தத்தையும் சரித்துவிடும். நீர் இரண்டு நாள் கலங்கியிருக்கும், சரியாகிவிடும். சில வாரங்களில் மணல் பழுப்பாக மாறும், அதற்கும் பயப்பட வேண்டாம். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கால்வாசிப் பரப்பை மட்டும் சைஃபன் செய்யுங்கள்.

அக்ரோபோரா வந்து நீரோட்டத்தைக் கூட்டியபின் மணல் ஒரு மூலையில் குவிந்தால், முதலில் வேவ்மேக்கரை மேல்நோக்கித் திருப்பிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், 20 செ.மீ. சதுரக் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் 7 செ.மீ. மணல் நிரப்பி, ஓட்டம் குறைந்த மூலையில் ராஸுக்குப் படுக்கையாக வைத்துவிடுங்கள். மற்ற மணலை ஒரே நாளில் எடுக்காமல், ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிடலாம்.