துண்டும் வாக்குச்சீட்டும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றார். இன்றும் பழைய மிராசுதாரின் பேரன் தெருவில் வந்தால், திண்ணையை விட்டு எழுந்து தோள்துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுகிறார். ஆனால் அந்த வீட்டார் சொன்ன சின்னத்துக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை என்பார். இது அச்சமா, நடிப்பா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

ம., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள ம.,

இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? உங்கள் வட்டாரத்தில், 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் விவசாயச் சங்கம் கட்டும் வரை, பண்ணையாளுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் வழக்கமான தண்டனைகள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் வேலையும் குடியிருந்த மனையும் பெரும்பாலும் மிராசுதாரின் தயவிலேயே இருந்தன. அத்தகைய இடத்தில் வளரும் பிள்ளை அதிகாரத்தைச் சட்டமாகவோ அரசாகவோ அறிவதில்லை. செருப்புச் சத்தமாகவும், பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரரின் முகக்குறியாகவும், இன்று பண்ணையார் என்ன கோபத்தில் இருக்கிறார் என்ற வீட்டுப் பேச்சாகவும் அறிகிறது. துண்டு இறங்குவது அந்த அறிவு உடம்பில் படிந்த விதம். அவ்வளவு நெருக்கத்தில் பார்த்ததாலேயே பெரிய மனிதர்கள் மீது உங்கள் அப்பாவுக்கு வியப்பும் இல்லாமல் போயிருக்கும். (ஆட்சியரைக் கண்டு மெய்சிலிர்ப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற படித்தவர்கள்தாம்.)

அவருடைய இளமையில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் நின்ற குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலமுள்ள செல்வந்தர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீவைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பது அத்தீர்ப்பு சொன்ன காரணங்களுள் ஒன்று. கார் இருப்பதே ஒருவருக்குச் சாதகமான சாட்சியாகிவிடும் என்று கேட்ட தலைமுறைக்கு, வணங்கிக்கொண்டே நம்பாமலிருப்பது இயல்பாக வந்திருக்கும். மறைப்புக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் முத்திரை குத்த முடிந்த இடத்தில் மட்டும் அந்த நம்பாமையை அவர் வெளிக்காட்டியிருக்கிறார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இப்படி வளர்ந்தவர்கள் நேர்மையான அதிகாரியிடமும் மனு கொடுக்கத் தயங்குவார்கள். பிள்ளைகளைக் கண்ணில் படாமல் இருக்கச் சொல்லியே வளர்ப்பார்கள். உங்கள் கோபம் அங்கிருந்து வருகிறதென்றால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பேரன் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. தாத்தா வயதுள்ள ஒருவர் எழுந்து நிற்பதைப் பார்த்தும் ‘உட்காருங்கள்’ என்று சொல்லாமல் அவர் கடந்து போகிறாரென்றால், உங்கள் கேள்வியை முதலில் அவரிடம் கேட்டிருக்கலாம்.