215-ஆ 235-ஆ? பிக்கப் டயர் கேள்வி-பதில்

கேள்வி (குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி): அண்ணா வணக்கம். போன மாசம் செகண்ட்ஸ்ல ஒரு பிக்கப் எடுத்தேன், 2019 மாடல், டிரைவர் போடல நானே தான் ஓட்றேன். வி.கோட்டா மண்டியில தக்காளி ஏத்திகினு பத்தலப்பல்லி மலை இறங்கி பேர்ணாம்பட்டு வழியா வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வரணும், வாரத்துல அஞ்சு நாள் இதே பொழப்பு. கதவுகிட்ட ஸ்டிக்கர்ல 215/75 ஆர்15 னு இருக்கு. ஆனா பழைய ஓனர் பின்னாடி ரெண்டும் 235/75 ஆர்15 போட்டு வச்சிருக்காரு, முன்னாடி ரெண்டும் ஸ்டெப்னியும் 215. இப்போ நாலுமே பட்டன் (ரோட்டுல படுற ரப்பர் கட்டை) தேஞ்சி மொட்டையா இருக்கு. டயர்க்கடைல கேட்டா மூணு விதமா காட்றாரு. ஒண்ணு 215ல 100னு நம்பர் போட்டது, ரேட்டு கம்மி. இன்னொண்ணு அதே 215, ஆனா எல்டி, 8 பிஆர், 106/104னு இருக்கு, ரேட்டு ஜாஸ்தி. மூணாவது 235, 105 நம்பர், "பெருசு போட்டா லோடு நல்லா தாங்கும், வண்டியும் கெத்தா இருக்கும்"னு சொல்றாரு. ஆர்சில மொத்த எடை 2,800 கிலோ, பின் அச்சுக்கு 1,800 கிலோன்னு போட்டிருக்கு. எதை வாங்குறது?

பதில்: தம்பி, நடுவுல இருக்குற அந்த ஜாஸ்தி ரேட்டு டயர தான் வாங்கணும். கசக்கும், இன்னா பண்றது.

நீ ஸ்டிக்கரையும் ஆர்சியையும் பாத்து எழுதின பாரு, அங்கயே பாதி வேல முடிஞ்சுது. நெறைய பேர் வண்டில இப்போ இன்னா டயர் மாட்டியிருக்கோ அதை பாத்து அதே சைஸ் கேட்டு வாங்கிடுவாங்க, செகண்ட்ஸ் வண்டில அது பெரிய தப்பு, பழைய ஓனர் எந்த கடையில எது சல்லிசா கெடச்சிதோ அதை மாட்டியிருப்பாரு.

மொதல்ல அந்த 100, 105, 106 விஷயம். சைஸுக்கு பக்கத்துல வர்ற இந்த நம்பர் தான் ஒரு டயர் எத்தன கிலோ தாங்கும்ங்கிற குறி. 100னா 800 கிலோ, 105னா 925, 106னா 950. (106/104ல ரெண்டாவது நம்பர் ஒரு பக்கத்துக்கு ரெட்ட டயர் போட்ற வண்டிக்கு, உனக்கு வேலையில்ல.) இப்போ உன் பின் அச்சு 1,800 கிலோ. 100 போட்ட டயர் ரெண்டு சேந்தா 1,600 தான், அதாவது நீ ஓவர் லோடே ஏத்தாம ஆர்சில சொன்ன அளவுக்கு ஏத்தினாலே அந்த டயருக்கு 200 கிலோ ஜாஸ்தி. 106 போட்டது ரெண்டு சேந்தா 1,900, கொஞ்சம் மூச்சு விட எடம் இருக்கு. ஒரே சைஸு, பாத்தா ஒரே மாதிரி இருக்கும், ஆனா 100 போட்டது காருக்கும் ஜீப்புக்கும் செஞ்சது, எல்டினு போட்டது லோடு வண்டிக்கு செஞ்சது. 8 பிஆர்ங்கிறது உள்ள எட்டு அடுக்கு இருக்குன்னு அர்த்தம் இல்ல, அந்த காலத்து பருத்தி நூல் டயர்ல எட்டு அடுக்கு போட்டா இன்னா பலம் இருக்குமோ அந்த பலம்னு ஒரு பழைய கணக்கு, அவ்ளோதான்.

இதை நான் பட்டு தெரிஞ்சிகினேன். ரொம்ப வருஷம் முன்ன இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் மூட்ட ஏத்திகினு போவேன், அப்போ ஒரு கடையில "ரெண்டும் ஒரே சைஸ் தான்பா"னு சொல்லி கார் டயர மாட்டி விட்டாங்க, நானும் காசு மிச்சம்னு சந்தோஷமா வந்துட்டேன். மே மாசம், கத்திரி வெயில், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி டீக்கு நிறுத்தினேன். பின்னாடி இடது டயர் பக்கத்துல சும்மா கைய வச்சேன், தோசைக்கல்ல வச்ச மாதிரி சுருக்குனு இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா டயர் பக்கவாட்டுல எலந்த பழம் சைஸுக்கு ஒரு வீக்கம். வெடிக்கல, என் நல்ல நேரம், அங்கயே ஸ்டெப்னி மாத்திகினு நாப்பதுல உருட்டிகினே வந்தேன். டயர் அதோட சக்திக்கு மேல தூக்கும்போது பக்கம் மடங்கி மடங்கி நிமிரும், அதுல சூடு ஏறும், அந்த சூட்டுல தான் உள்ள ரப்பரும் கம்பியும் விட்டுப்போவுது. நம்ம வேலூர் வெயிலுக்கு இது சொல்லவே வேணாம்.

இப்போ 235க்கு வரேன். கடைக்காரர் சொன்னது முழுசா பொய் இல்ல, 105 ரெண்டு சேந்தா 1,850, பேப்பர்ல உன் 1,800ஐ தாங்குது. ஆனா அது ஸ்டிக்கர்ல சொன்ன டயர் இல்ல. கணக்கு போட்டு பாரு. 215/75னா அகலம் 215 மில்லி, டயர் பக்கவாட்டு உயரம் அதுல 75 சதவீதம், மேலயும் கீழயும் சேத்து 322.5 மில்லி, நடுவுல 15 இஞ்ச் டிஸ்க் (டயர் மாட்டுற இரும்பு சக்கரம்) 381 மில்லி, ஆக மொத்தம் 703.5. அதே மாதிரி 235/75 போட்டா 733.5. மூணு சென்டிமீட்டர் பெருசு, நாலு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. நாலு சதவீதம் தானேன்னு தோணும். மீட்டர்ல 60 காட்டும்போது வண்டி அறுபத்திரண்டு அறுபத்திமூணுல போயிகினு இருக்கும், அது பரவால்ல. ஆனா 100 கிலோமீட்டர் ஓடினா மீட்டர் 96 தான் காட்டும், கிலோமீட்டர் கணக்குல வாடகை வாங்குறவன்னா ஒவ்வொரு நடையும் நஷ்டம். அத விட, டயர் பெருசாச்சுன்னா கியர் நீளமான மாதிரி, வி.கோட்டாவுக்கு மலை ஏறும்போது ரெண்டாவதுல இழுத்துகினு இருந்த வண்டி ஒண்ணாவதுக்கு கெஞ்சும், கிளட்ச் தேய்மானம் உன் கணக்குல தான். இறங்கும்போது பிரேக்குக்கும் அதே அளவு வேல கூடும்.

உன் வண்டில இதவிட ஒரு மோசமான விஷயம் இருக்கு, அது ஸ்டெப்னி. பின்னாடி 235, ஸ்டெப்னி 215. மலைல பின்னாடி ஒண்ணு பஞ்சர் ஆவுதுன்னு வச்சுக்கோ, ஒரு பக்கம் 235 ஒரு பக்கம் 215 மாட்டிகினு வருவ. ஒரு கிலோமீட்டருக்கு பெருசு 434 சுத்து சுத்தும், சின்னது 452 சுத்து சுத்தணும். நேர் ரோட்டுலயே ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்தும், அத சமாளிக்கிறது உள்ள இருக்குற டிஃபரன்ஷியல் பல்லு. திரும்பும்போது மட்டும் வேல செய்யணும்னு வச்ச பல்லு குடியாத்தம் வர்ற வரைக்கும் ஓயாம வேல செஞ்சிகினே வரும், லோடோட. பஞ்சர் கடை வரைக்கும் ஓகே, அதுக்கு மேல கூடாது. முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ்ங்கிறது பின் சக்கரம் மட்டும் இழுக்குற வண்டில உடனே எதையும் ஒடைக்காது, ஃபோர்வீல் வண்டினா அதுவும் ஆவாது.

டிஸ்க்கையும் பாரு, அதுல அகலம் குத்தியிருப்பாங்க, அஞ்சரை, ஆறுன்னு. 235/75க்கு ஆறு இஞ்சாவது வேணும். அஞ்சரைல போட்டா டயர் நடுவுல பொதபொதனு உப்பி, நடுப்பட்டன் மட்டும் தேயும். உன் பழைய பின் டயர்ல நடு தான் ஜாஸ்தி தேஞ்சிருக்கான்னு பாத்து சொல்லு, எனக்கும் தெரிஞ்சிக்க ஆசை. அப்புறம் லோடோட இருக்கும்போது மட்கார்டு உள்ள கைய விட்டு தடவி பாரு, கருப்பா பொடி ஒட்டுச்சுன்னா டயர் ஒரசுதுன்னு அர்த்தம். காலி வண்டில பாத்தா தெரியாது, பட்டை (ஸ்பிரிங்) அமுங்கினா தான் தெரியும்.

எஃப்சி (வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ குடுக்குற சர்டிபிகேட்) வேற இருக்கு. லோடு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம், அப்புறம் வருஷா வருஷம். கம்பெனி சொல்லாத சைஸ் மாட்டிகினு போய் நின்னா கேள்வி வரும், ஆக்சிடென்ட் ஏதாவதுன்னா இன்சூரன்ஸ்காரங்களும் அதையே புடிச்சிக்குவாங்க. பட்டன் ஆழம் 1.6 மில்லிக்கு கீழ போவக்கூடாது, பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும், அது பட்டனோட சமமாயிட்டா டயர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். நீ மொட்டைன்னே எழுதிட்ட, அதனால மலை நடைய நிறுத்திட்டு மொதல்ல மாத்து.

காசு பத்தலன்னா ரெண்டு மட்டும் வாங்கு, ரெண்டையும் பின்னாடி போடு. இதுக்கு சண்டைக்கு வருவாங்க, "புதுச முன்னாடி போடணும்"னு எல்லா டிரைவரும் சொல்லுவான். ஆனா மழைல முன்னாடி வழுக்கினா வண்டி நேரா போவும், பிரேக்க விட்டு சமாளிக்கலாம். பின்னாடி வழுக்கினா வண்டி சுத்திடும், கொண்டைஊசி வளைவுல அத யாரும் சமாளிக்க முடியாது, அதுவுமில்லாம உன் எடை பூரா பின்னாடி தான். முன்னாடிக்கு அதுவரைக்கும் நல்ல பட்டன் இருக்குற 215 எல்டி செகண்ட்ஸ் கெடச்சா போடு, அடுத்த மாசம் அதையும் மாத்திடு.

வாங்கும்போது பக்கவாட்டுல நாலு நம்பர் ஒரு முட்டை வட்டத்துக்குள்ள இருக்கும், 1425னா 2025ல பதினாலாவது வாரம் செஞ்சது. ரெண்டு வருஷ பழைய சரக்க புதுசு ரேட்டுக்கு தள்ளுவாங்க, உஷாரு. ஐஎஸ்ஐ முத்திரைகூட 15636னு இருந்தா லோடு வண்டி டயர், 15633னு இருந்தா கார் டயர், கடைக்காரர் இன்னா சொன்னாலும் டயரே உண்மைய சொல்லிடும். பில்லு கேளு. 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு, இன்னும் பழைய ரேட்டே சொல்றாங்கன்னா எதுக்குன்னு கேளு.

கேள்வி (ராணிப்பேட்டையில இருந்து ஒரு அக்கா): எங்க வீட்டுக்காரர் மினி லாரிக்கு வாங்கின புது டயர் நாலு மாசத்துல வீங்கிடுச்சு. கடையில "லோடு வண்டிக்கு கிளைம் கிடையாது, வியாபாரத்துக்கு வாங்கினது கன்ஸ்யூமர் கேஸும் போட முடியாது"னு சொல்லிட்டாங்க. நெஜமா?

பதில்: அக்கா, ரெண்டாவது விஷயத்துல உங்கள ஏமாத்தறாங்க. 2019 நுகர்வோர் சட்டத்துலயே தெளிவா இருக்கு, சொந்தமா தொழில் செஞ்சு பொழைக்கிறதுக்காக வாங்கி தானே பயன்படுத்தினா அவரும் நுகர்வோர் தான். பத்து வண்டி வச்சு டிரைவர் போட்டு ஓட்ற டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு தான் சிக்கல், உங்க வீட்டுக்காரர் ஒத்த வண்டிய தானே ஓட்டினா தாராளமா போவலாம்.

ஆனா கிளைம் கெடைக்குமாங்கிறது வீக்கத்த பொறுத்தது. பள்ளத்துல இல்ல கல்லுல மோதி உள்ள நூல் அறுந்த வீக்கம்னா கம்பெனி ஒத்துக்காது, அது அவங்க தப்பும் இல்ல. செஞ்சதுல கோளாறுன்னா மீதி பட்டன் எவ்ளோ இருக்கோ அந்த கணக்குல விட்டுக்கொடுப்பாங்க. அதனால கடைக்காரர் வாய்ல முடிச்சிக்க விடாதீங்க, டயர கம்பெனி ஆள் பாத்து என்ன காரணம்னு எழுத்துல குடுக்கணும்னு கேளுங்க. பில்லு, டயர்ல இருக்குற சீரியல் நம்பர், வீங்கின எடத்து போட்டோ மூணும் வச்சிக்கங்க. மொதல்ல 1915க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண், நெறைய விஷயம் அங்கயே முடிஞ்சிடும். முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், அஞ்சு லட்சம் வரைக்குமான பொருளுக்கு மனு கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்ல.

கேள்வி (அணைக்கட்டு): நைட்ரஜன் போட்டா டயர் சூடாவாதாமே, போடலாமா? வெயில்ல காத்த கொஞ்சம் எறக்கி விடணுமா?

பதில்: சாதா காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன் தான் இருக்கு, அந்த காசுல டீ குடிங்க. காத்த எறக்கவே கூடாது, கம்மி காத்து தான் டயர சூடாக்குறதே. காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்ன, டயர் ஜில்லுனு இருக்கும்போது, ஸ்டிக்கர்ல லோடுக்கு சொன்ன பவுண்டு பாத்து அடிங்க, பின்னாடிக்கு தனியா போட்டிருப்பாங்க. ஓடி வந்த சூட்டுல பாத்தா நாலஞ்சு பவுண்டு ஜாஸ்தி காட்டும், அது அப்படியே இருக்கட்டும்.