குடும்ப விசுவாசத்தைப் பேசும் குற்றப் படங்களில் உங்களை மிகவும் பாதித்த துரோகம் எது?

பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கி 1974-இல் வெளிவந்த 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில், அண்ணன் ஃபிரெடோவுக்கும் தம்பி மைக்கேலுக்கும் இடையில் நடப்பதுதான் என் பதில். படத்தில் துரோகி என்று பெயர் வாங்குபவன் ஃபிரெடோ; ஆனால் பெரிய துரோகத்தைச் செய்தவன் மைக்கேல் என்பது என் உறுதியான எண்ணம். கதையின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

நியூயார்க் மாஃபியாத் தலைவர் விட்டோ கோர்லியோனேவின் மூத்த மகன் சன்னி சுட்டுக் கொல்லப்பட்ட பின், வயதுப்படி ஃபிரெடோவுக்கு வர வேண்டிய இடம் இளையவன் மைக்கேலுக்குப் போகிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1972-இல் வந்த முதல் பாகத்தில், பழக்கடை வாசலில் தந்தையை எதிரிகள் சுடும்போது, உடனிருந்த ஃபிரெடோ துப்பாக்கியைக் கைநழுவ விட்டுவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுகிறான். அன்றிலிருந்து அவனை நம்பி யாரும் பெரிய பொறுப்பு எதையும் ஒப்படைப்பதில்லை. லாஸ் வேகாஸில் ஒரு வெளியாளுக்காகப் பரிந்து பேசியபோது, இனி ஒருபோதும் குடும்பத்துக்கு எதிராக எவர் பக்கமும் நிற்காதே என்று தம்பி அவனை எச்சரிக்கிறான். அண்ணன் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறான்.

இரண்டாம் பாகத்தில் மைக்கேலின் படுக்கையறை ஜன்னல் வழியாகக் குண்டுகள் பாய்கின்றன. ஏற்பாடு செய்தவர் தொழில் கூட்டாளி ஹைமன் ராத். வீட்டுக்குள்ளிருந்து உதவியது யார் என்பது ஹவானாவில்தான் வெளிப்படுகிறது. ராத்தின் ஆளான ஜானி ஓலாவைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று தம்பியிடம் சொல்லியிருந்த ஃபிரெடோ, இரவு விடுதி ஒன்றில் குடிபோதையில், இந்த இடத்தைத் தனக்குக் காட்டியதே ஓலாதான் என்று உற்சாகமாக உளறிவிடுகிறான். பின்னால் நிற்கும் மைக்கேல் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைக் கையால் மூடிக்கொள்கிறான். பார்க்கும் நமக்கும் அந்த நொடியில் வயிறு கலங்கிவிடுகிறது, ஏனென்றால் ஃபிரெடோவைத் தவிர எல்லோருக்கும் நடந்தது புரிந்துவிட்டது.

பிறகு டாஹோ ஏரிக்கரை வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் நேருக்கு நேர் பேசும் காட்சி வருகிறது. ஜன்னலுக்கு வெளியே பனி படர்ந்த ஏரி. சாய்வு நாற்காலியில் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும் ஃபிரெடோ, நான் உன் அண்ணன், என்னைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று குமுறுகிறான். அப்பா அப்படித்தான் விரும்பினார் என்று மைக்கேல் சொன்னதும் எழுந்து உட்காரத் திணறுகிறான், நாற்காலி விடுவதில்லை. ஃபிரெடோவாக நடித்த ஜான் கசாலே அந்த உடம்பையும் குரலையும் கையாண்ட விதத்துக்கு ஈடான நடிப்பை நான் அதிகம் கண்டதில்லை. கொலை முயற்சி என்று தனக்குத் தெரியாது, தனக்கென்று ஏதோ கிடைக்கும் என்றார்கள், நம்பினேன் என்கிறான் அவன். பணத்தாசையைக் காட்டிலும் அவனை ஆட்டிப்படைத்தது, தன்னையும் ஒரு ஆளாக யாராவது மதிக்க மாட்டார்களா என்ற ஏக்கம்தான். அவனிடம் கூலியாளைப் போல வேலை வாங்கிய குடும்பம், உடன்பிறந்தவனுக்குரிய விசுவாசத்தை எதிர்பார்த்தது.

அண்ணனைக் கொல்வதைத் தவிர மைக்கேலுக்கு வேறு வழியில்லை என்று வாதிடுபவர்களை நான் நிறையவே பார்க்கிறேன். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஃபிரெடோ தனக்குத் தெரிந்த அனைத்தையும், மைக்கேலின் மீது நடக்கும் அமெரிக்க செனட் விசாரணையில் இருக்கும் வழக்கறிஞர் ராத்தின் ஆள் என்பது உட்பட, அந்த நாற்காலியிலேயே சொல்லிவிடுகிறான். ராத்தின் கதையும் முடியப்போகிறது. நீதான் ஜெயித்துவிட்டாயே, எல்லோரையும் ஒழித்துக்கட்ட வேண்டுமா என்று குடும்பத்தின் வழக்கறிஞரான டாம் ஹேகன் கேட்கிறான். எல்லோரையும் அல்ல, எதிரிகளை மட்டும் என்பது மைக்கேலின் பதில். அம்மா உயிரோடு இருக்கும்வரை அண்ணனுக்கு எதுவும் ஆகக் கூடாது என்ற அவன் உத்தரவில் இருக்கும் கணக்கைக் கவனியுங்கள். அம்மாவின் இறுதிச் சடங்கில், தங்கை கானி மன்றாடிய பிறகு, அண்ணனைக் கட்டி அணைத்துக்கொள்ளும் மைக்கேலின் கண்கள் அண்ணனின் தோளுக்கு மேலே அடியாள் அல் நேரியைத் தேடுகின்றன. மன்னிக்கப்பட்டேன் என்று நம்பியவனை ஏரியில் மீன்பிடிக்கும் படகில் வைத்துச் சுடுவதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அதே படத்தில் இன்னோர் அண்ணன் தம்பி உண்டு. அந்தச் செனட் விசாரணையில் மைக்கேலுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த, கோர்லியோனே குடும்பத்தின் பழைய ஆளான ஃபிராங்க் பென்டாஞ்செலி, சிசிலியிலிருந்து வரவழைக்கப்பட்ட தன் அண்ணன் வின்சென்சோ மைக்கேலின் பக்கத்தில் வந்து உட்காருவதைக் கண்டதும், வாக்குமூலம் முழுவதையும் மாற்றிப் பேசிவிடுகிறார். அந்தக் கிழவர் யாரையும் மிரட்டவில்லை. வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அது அந்தச் சகோதரர்களுக்குள் நடந்த விஷயம், எனக்குச் சம்பந்தம் இல்லை என்று பின்னர் மைக்கேல் தன் மனைவியிடம் சொல்லும்போது, பாசத்தை ஆயுதமாக எடுத்து வீசத் தெரிந்தவனுக்கு அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்ற வருத்தம்தான் எனக்கு மிஞ்சுகிறது. கம்பனின் கும்பகர்ணன், அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும், வளர்த்தவனுக்காக உயிரைக் கொடுக்காமல் போகமாட்டேன் என்று நிற்பதைப் படித்து வளர்ந்த நாம், பென்டாஞ்செலியின் தடுமாற்றத்தை எளிதில் புரிந்துகொள்வோம்.

இந்தப் படம் எனக்குப் பிற குற்றப் படங்களை விட உயர்ந்து நிற்பதற்கு, இளம் விட்டோவின் கதையை இடையிடையே வைத்திருப்பது முக்கியக் காரணம். நிமோனியாவில் துடிக்கும் கைக்குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். செய்வதறியாது நிற்கும் விட்டோ அழுகிறான். அந்தக் குழந்தை ஃபிரெடோ. படகுக் காட்சிக்குப் பின் வரும் 1941-ஆம் ஆண்டு நினைவில், அமெரிக்க மரைன் படையில் சேர்ந்துவிட்டதாக மைக்கேல் சொன்னதும் சன்னி கொதிக்கிறான். அந்த மேசையில் கைகொடுத்து வாழ்த்துபவன் ஃபிரெடோ ஒருவன்தான்.

1977-இல் தொலைக்காட்சிக்காக இரண்டு பாகங்களையும் கால வரிசைப்படி அடுக்கி ஒரு வடிவம் தயாரித்தார்கள். முதல்முறை பார்ப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். தந்தை குடும்பத்தைக் கட்டுவதும் மகன் அதே குடும்பத்தை அழிப்பதும் எதிரெதிரே நிற்கும் அமைப்பு அதில் கலைந்துவிடுகிறது. முதல் பாகத்தை முழுதாகப் பார்த்து, ஃபிரெடோ வரும் காட்சிகளை மனத்தில் குறித்துக்கொண்டு, பிறகு மூன்று மணி நேரத்துக்கும் அதிகமாக ஓடும் இரண்டாம் பாகத்துக்கு வாருங்கள்.