நான்கு நாள் வாரம், முழுச் சம்பளம்: முதலில் எதைக் குறைப்பது?

கேள்வி: எங்களிடம் 24 பேர் வேலை செய்கிறார்கள். வாரம் 5 நாள், 40 மணி நேரம். சம்பளத்தில் கைவைக்காமல் 4 நாளாக்க நினைக்கிறோம். ஆனால் வாடிக்கையாளர் அழைப்புகள் 5 நாளும் வரும். எப்படிச் செய்யலாம்?

பதில்: 40 மணி நேரத்தையே நான்கு நாளில் அடைப்பது வேறு, 32 ஆகக் குறைப்பது வேறு. பெல்ஜியத்தில் 2022இல் சட்டமானது முதல் வகை. நீங்கள் கேட்பது இரண்டாவது என்றால், ஒரு மணி நேர வேலைக்கான சம்பளச் செலவு 25 சதவீதம் கூடும். வேகமாகச் செய்யச் சொல்லி இதை ஈடுகட்டப் பார்த்தால் ஆட்கள் சோர்ந்துபோவார்கள். 24 பேருக்குத் தலா 8 என்று வாரத்துக்கு 192 மணி நேரத்தை வேலையிலிருந்தே கழிக்க வேண்டும்.

அதனால் அறிவிப்புக்கு முன் ஆறு வாரம் கணக்கெடுங்கள்: முடிந்த வேலை, பிழைகள், அழைப்பவர் காத்திருந்த நேரம், ஓவர்டைம். பிறகு மீட்டிங்குகளைப் பாருங்கள். எட்டுப் பேர் ஒரு மணி நேரம் கூடினால் ஒரு ஆளின் முழுநாள் போய்விடுகிறது. ஒரே தகவலை இரண்டு இடத்தில் பதிவது, மூன்று பேர் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது ஆகியவை அடுத்து.

அழைப்புப் பிரிவுக்கு இந்த வழி செல்லாது; அங்கே ஆள் இருப்பதே வேலை. 5 இருக்கைகள் 5 நாளும் நிரம்ப வேண்டுமானால் 200 மணி நேரம் தேவை. 5 பேர் தருவது 160. மீதி 40 மணி நேரத்துக்கு மற்ற பிரிவினரைப் பழக்குங்கள், இல்லையேல் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அவரது 32 போக மீதி 8 மணி நேரத்துக்கு மட்டும் பழக்குங்கள். ஓய்வு நாளைச் சுழற்சியில் விடுங்கள். எல்லாருக்கும் வெள்ளி என்றால் வியாழன் மாலையே வேலை குவியும்.

பலரும் மறப்பது பகுதிநேர ஊழியரை. ஏற்கெனவே 80 சதவீதச் சம்பளத்துக்கு 32 மணி நேரம் உழைப்பவர், பக்கத்து இருக்கைக்காரர் அதே 32க்கு முழுச் சம்பளம் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சம்பளத்தை முழுதாக்குங்கள், அல்லது நேரத்தை 25.6 மணியாக்குங்கள். ஆண்டு விடுப்பு 20 நாள் என்றால் 16 போதும். நான்கு வாரம் அப்படியே இருக்கும். சட்டம் குறைந்தபட்சத்தை நாள்கணக்கில் சொல்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பொது விடுமுறை வரும் வாரத்தில் ஓய்வு நாளும் தனியாக உண்டா என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். சச்சரவு அங்கேதான் தொடங்கும்.

பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் சோதித்தன. 56 அதன்பின்னும் தொடர்ந்தன. நீங்களும் ஆறு மாதம் வையுங்கள். கடிதத்தில் ‘சோதனை’ என்ற சொல், முடியும் தேதி, எந்த எண் எவ்வளவு சரிந்தால் பழைய முறைக்குத் திரும்புவோம் என்பது மூன்றும் இருக்கட்டும். ஓய்வு நாளில் மேலாளர் அனுப்பும் செய்திகளையும் எண்ணுங்கள். அவை மாதாமாதம் கூடினால் உங்களிடம் இன்னும் ஐந்து நாள் வாரம்தான் நடக்கிறது.