வயிற்றில் நீர் கோத்துவிட்டது, அம்மாவுக்கு மூன்று மாதம்தானா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. ஆறு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது வயிறு உப்பி, புடவைக் கொசுவம்கூட நிற்கவில்லை. ஸ்கேன் பார்த்து, வயிற்றின் உள்சவ்வில் பரவியிருக்கிறது, மூன்று மாதம் என்கிறார்கள். உண்மையா?
(மகள், கோத்தகிரி)

பதில்: நீங்கள் அனுப்பியதில் ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து நாள் குறித்தது தவறு.

முதலில், இது பழைய நோய்தானா என்று உறுதி செய்திருக்கிறார்களா? மார்பகப் புற்று வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகச் சினைப்பையில் புற்று வரும், அதிலும் பரம்பரைக் குறைபாடு உள்ள குடும்பங்களில். அதுவும் இப்படித்தான் வயிற்றில் நீர் கோக்கும். அதற்கு மருந்தே வேறு. நம் ஊரில் வயிற்றுக் காசநோயும் இதே வேஷத்தில் வரும். அது மாத்திரையில் குணமாகக்கூடியது. சிஏ-125 என்கிற ரத்தப் பரிசோதனை அளவு கூடியிருக்கிறது என்பதை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அது மூன்றிலும் கூடும். நீரையோ சவ்வையோ எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மார்பகப் புற்றுதான் என்றால், அது நான்காம் நிலை. முழுதாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம். லோபுலர் என்கிற வகை பல வருடம் அடங்கியிருந்து இப்படி வயிற்றுக்குப் போவதுண்டு. ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் புற்று என்றால், அந்த ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோலோடு பால்போசைக்ளிப் போன்ற மாத்திரை சேர்த்து வருடக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெர்-2 என்கிற புரதம் கூடுதலாக உள்ள ஹெர்-2 பாசிட்டிவ் வகை என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி உண்டு. ஹார்மோனும் ஹெர்-2-வும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் என்றால் காலம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். எலும்புக்குப் பரவுவதைவிட வயிற்றுக்குப் பரவுவது சிரமம். குடல் அடைத்துச் சாப்பாடு இறங்காமல் போகலாம்.

இனி வருகிறவர்களைப் பற்றி. வயிற்றுக்குள் சூடான கீமோ ஊற்றினால் தீர்ந்துவிடும் என்று லட்சக்கணக்கில் பேசுவார்கள். மார்பகப் புற்றுக்கு அது வழக்கமான சிகிச்சை இல்லை. பொடி, கஷாயம் விற்கிறவர் கீமோவை நிறுத்தச் சொல்வார். வாசல் தாண்ட விடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதைக் கலெக்டர் அலுவலகத்திலேயே இலவசமாகப் பதிவு செய்யலாம்.

வயிற்று நீரை ஊசி குத்தி வடித்தால் அன்றைக்கே மூச்சு லேசாகும். மலையிலேயே செய்யக்கூடிய இந்த வேலைக்கு, வாந்தியெடுக்கும் நோயாளியை மேட்டுப்பாளையம் ரோட்டில் இறக்கி, ஒரு கையெழுத்துக்காக நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புகிறோம். எத்தனை முறை பார்த்துவிட்டேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வலிக்கு மார்ஃபின் தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

சரி, நாளைக்குச் செய்ய வேண்டியது ஒன்று. ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் பழைய பயாப்ஸி பிளாக்கை, அதாவது அன்று எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்ததை, எழுதிக் கேளுங்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. வயிற்றிலிருந்து எடுப்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆறு வருடத்தில் புற்றின் குணம் மாறியிருந்தால், மருந்தும் மாறும்.