அம்மாவை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட என் 76 வயது அம்மாவைத் தனியார் முதியோர் காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் அண்ணன். அங்கே வைப்புத்தொகை, மாதக் கட்டணம் போக, டயப்பருக்கும் பிசியோதெரபிக்கும் தனியாகப் பணம் கேட்கிறார்கள். எனக்கு அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆசை. எது சரி? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: உங்கள் ஆசையே சரியென்று எனக்குத் தோன்றுகிறது, சகோதரி. ஆனால் அந்தப் பாரம் முழுவதும் உங்கள் ஒருவர் தலையில் விழுந்துவிடக் கூடாது.

தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். நள்ளிரவிலும் அதைச் செய்ய ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பராமரிப்பில் பெருஞ்செலவு இந்தச் சம்பளம்தான் என்பதால், லாபத்தையே குறியாகக் கொண்ட நிர்வாகம் முதலில் கைவைப்பதும் இதிலேயே. வரவேற்பறையின் பளபளப்பில் அது தெரியாது. இரவில் எத்தனை முதியவர்களுக்கு ஓர் உதவியாளர் என்று கேட்டால்தான் தெரியும்.

பிரிட்டனில் சதர்ன் கிராஸ் என்ற நிறுவனம் 750 காப்பகங்களுக்கு மேல் நடத்தியது. லாபம் தேடும் முதலீட்டாளர்களிடையே அது கை மாறியபோது, காப்பகக் கட்டடங்கள் விற்கப்பட்டு, ஆண்டுதோறும் உயரும் வாடகைக்கு மீண்டும் எடுக்கப்பட்டன. வாடகை கட்ட முடியாமல் 2011இல் அது சரிந்தபோது, அங்கிருந்த சுமார் 31,000 முதியவர்கள் தங்கள் கதி என்னவென்று அறியாமல் தவித்தார்கள்.

வீட்டில் பார்ப்பதற்குத் துணை உண்டு. 2021 முதல் நடைபெறும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி), வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இரவு உதவியாளரின் சம்பளத்தை அண்ணன் ஏற்கட்டும். காப்பகத்துக்குக் கொடுக்கத் துணிந்த பணம்தானே அது! பெற்றோரைப் பேணும் கடமை மகனுக்கும் மகளுக்கும் ஒருசேர உண்டு என்கிறது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம். மறுத்தால் அம்மா கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அதுவரை போகாமல் பேசித் தீர்ப்பதையே நான் விரும்புவேன்.

பேச்சு முடியும்வரை வைப்புத்தொகையைக் கட்டாதீர்கள். வேறு வழியின்றிக் கட்ட நேர்ந்தால், இடையில் விலகினால் எவ்வளவு தொகை, எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கட்டுங்கள்.