சொகுசுக் கப்பலில் டிப்ஸ் தானாகவே பிடிக்கிறார்களே, பாருக்குத் தனியா? டிரிங்க்ஸ் பேக்கேஜ் லாபமா?

ஆம், இரண்டும் தனித்தனி. ராயல் கரீபியன் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர் ரூம் கணக்கில் ஏறும். குழந்தைக்கும் உண்டு. நாலு பேர், ஐந்து இரவு என்றால் 370 டாலர். இது கேபின் ஊழியர், சாப்பாட்டு அறைப் பணியாளர்களுக்கு. பாரில் ஒவ்வொரு பில்லிலும் 18% தனியாகச் சேரும். அதற்குப் பிறகும் கையெழுத்துச் சீட்டில் டிப்ஸுக்கு ஒரு காலி வரி இருக்கும். ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பது தெரியாமல் பலர் அதிலும் எழுதிவிடுகிறார்கள். கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் என்றால் நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டு, ஒவ்வொரு பானத்துக்கும் தனி பில் இல்லாமல் குடிப்பது. அதன் விலை பயணத்துக்குப் பயணம் மாறும். உதாரணமாக நாளுக்கு 70 டாலர் என்றால் 18% சேர்த்து 82.60. ஒரு காக்டெயில் 14 டாலர், சேவைக் கட்டணத்தோடு 16.52. ஆக, தினமும் ஐந்து குடித்தால்தான் போட்ட காசு வரும். அதுவும் கரையில் இறங்கிச் சுற்றும் நாளில் கஷ்டம். இன்னொரு சிக்கல்: ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால், அதே கேபினில் குடிக்கும் வயதுள்ள எல்லோரும் வாங்க வேண்டும் என்பது பொது விதி. மனைவி குடிக்காதவர் என்றால் கணக்கே தலைகீழ். அப்படிப்பட்ட தம்பதியில் குடிப்பவருக்கு, அன்றைய சிறப்புக் காக்டெயிலான 'டிரிங்க் ஆஃப் தி டே' போதும். நினைவுப் பரிசுக் கோப்பை வேண்டாம், சாதாரண கிளாஸில் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கோப்பைக்குத் தனி விலை.